பிள்ளைகளின் ஜெபமும் தேயிலைக் கவாத்தும்



கேமரன் மலையின் கியா பார்ம் வட்டாரத்திலும் அதனை அடுத்த தோட்டங்களிலும் வாழும் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் கொண்டே இதனை எழுதுகிறேன். மற்ற ஊர்களில் உள்ளோர்க்கும் பொருந்துமாயின் மகிழ்ச்சியே. நம் பிள்ளைகளுள் பலருக்கு ஜெபம் ஒப்புவிக்க நன்றாக வருகிறது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்கள். உணவு வேளைக்கு ஒரு ஜெபம், உறங்கும் முன் ஒரு ஜெபம், தேர்வுக்கு முன் ஒரு ஜெபம் என எல்லாம் மனப்பாடம். ஆனால், "இன்று உன் மனத்தில் என்ன இருக்கிறதோ அதைக் கடவுளிடம் சொல்" என்றால் விழிக்கிறார்கள். அப்படியும் சொல்லலாமா என்று கேட்ட பிள்ளையும் உண்டு.

இது சிறு செய்தியாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்போது இம்மனப்பாட ஜெபம் பழைய பள்ளிச் சீருடையைப் போல் சிறியதாகிவிடுகிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, அதற்குப் பதிலாக அணிந்துகொள்ள வேறொன்றும் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். பெற்றோர் "பிள்ளை ஆலயத்திற்கு வரமாட்டேன் என்கிறான்" என்று குறைபடுகிறார்கள். ஆலயத்திற்கு வருவதும் வராததும் பின்னால் வந்த விளைவு. அதற்கு வெகு முன்பே வேர் பிடிக்காமல் போயிருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் இதைக் கற்பிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் மாணவர்களுள் பெரும்பாலோர் இந்துக்கள். வகுப்பறையில் நன்னெறிக் கல்வி இருக்கிறது. அது போதும், அதுவே முறை. நான் பேசுவது வீட்டைப் பற்றி. இந்து நண்பர்கள் இதனைப் படித்தால் தங்கள் வீட்டுப் பூசை அறைக்கும் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை.

ஆசிரியராகிய நமக்குப் பழகிய ஒரு காட்சியைக் கொண்டே இதை விளக்குகிறேன். தலைமையாசிரியர் அறைக்குச் செல்லும் மாணவன் எப்படிப் பேசுகிறான்? வெளியே நின்றபடியே வாக்கியத்தை மனத்துக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்க்கிறான். உள்ளே சென்று, கையைக் கட்டி, அந்த ஒரு வாக்கியத்தைப் பிழையின்றிச் சொல்லிவிட்டு, விட்டால் போதும் என்று திரும்பி ஓடுகிறான். அதே மாணவன் மாலையில் பாட்டியிடம் பேசுவதைக் கேளுங்கள். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. பாதியில் அழுகை, பாதியில் சிரிப்பு, நடுவில் பசி. நம் பிள்ளைகள் கடவுளிடம் தலைமையாசிரியரிடம் பேசுவது போலவே பேசுகிறார்கள். அப்படித்தான் நாம் பழக்கியிருக்கிறோம்.

இயேசு பழக்கியது வேறு விதம். கெத்செமனே தோட்டத்தில் அவர் கலங்கி நின்ற இரவில், கடவுளை அழைத்த அரமேயச் சொல்லை மாற்கு நற்செய்தி அப்படியே காத்து வைத்திருக்கிறது. அச்சொல் நம் காதுக்கு "அப்பா" என்றே ஒலிக்கிறது. (இதைக் கொண்டு அரமேயமும் தமிழிலிருந்து பிறந்தது என்று யாரும் கட்டுரை எழுத வேண்டாம்! அந்த ஆர்வம் நம்மிடையே கொஞ்சம் அதிகம்.) நான் சொல்ல வருவது இவ்வளவே: அச்சமும் வேதனையும் மிகுந்த வேளையில் வீட்டில் பேசும் சொல்தான் அவர் வாயில் வந்தது. நம் பிள்ளைக்கும் அந்தச் சொல் ஏற்கெனவே வாயில் இருக்கிறது. அதைக் கடவுளிடம் பயன்படுத்தலாம் என்று நாம்தான் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே மொழி முதன்மையானது. இன்று பல கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஜெபிக்கிறார்கள். ஆங்கிலம் கடவுளுக்குப் புரியாத மொழி அன்று. அதை நான் குறை கூறவும் இல்லை. ஆயினும் பிள்ளை எந்த மொழியில் அழுகிறதோ, எந்த மொழியில் தம்பியோடு சண்டை போடுகிறதோ, அந்த மொழியில் ஜெபித்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். ஞாயிறு பாடலில் கற்ற அழகிய ஆங்கிலத் தொடர்களை அடுக்கும் பிள்ளை, தலைமையாசிரியர் அறை வாசலில்தான் இன்னமும் நிற்கிறது.

தமிழ் மண்ணில் இச்சமயத்தைக் கொண்டுவந்தவர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது அவருக்குத் தமிழ் தெரியாது. முதிய பள்ளி ஆசிரியர் ஒருவரை மாணவர்களோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அப்பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். சில ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுத் தந்தார். திண்ணைப்பள்ளி மாணவனாக அமர்ந்த பிறகே அவர் போதகரானார் என்பதை நம் ஆசிரியர்கள் நினைத்துப் பெருமைப்படலாம்.

அதைவிட எனக்கு நெருக்கமானவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. நெல்லைச் சீமையில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். நம்மைப் போல் ஒரு தமிழாசிரியர். சாயர்புரத்துக் கிறிஸ்தவப் பள்ளியில் 1853இல் தமிழ் கற்பிக்கச் சேர்ந்தார். அவர் ஞானஸ்நானம் பெற்றது 1858இல். இடையில் கிடந்த ஐந்து ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். ஒரே இரவில் வந்த மாற்றம் அன்று அது. பிறகு அவர் செய்ததுதான் நம் கவனத்துக்குரியது. கம்பனையும் ஆழ்வார்களையும் படித்து வளர்ந்த தம் தமிழை அவர் வாசலில் கழற்றி வைக்கவில்லை. அதையே கிறிஸ்துவைப் பாடுவதற்குப் பயன்படுத்தினார். ஆங்கிலத்தில் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட கதையைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வந்தது. இரட்சணிய மனோகரத்திலோ, தேவாரமும் பிரபந்தமும் பாடிய அதே உருக்கத்தோடு இறைவனிடம் நேருக்கு நேர் பேசுகிறார். தான் குழந்தையாக இருந்தபோது எந்தத் தமிழில் இறைவனை உணர்ந்தாரோ, அந்தத் தமிழில் பேசியதால்தான் அது மொழிபெயர்ப்புப் பக்தியாக இல்லை.

இன்னொருவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரால் வளர்க்கப்பட்டவர், தஞ்சையில் ஆசிரியராகப் பணியாற்றியவர், சரபோஜி மன்னரின் உடன்பயின்ற தோழர். அவருடைய பெத்லகேம் குறவஞ்சியில் தேவமோகினி என்னும் தலைவி இறைவன் மீது காதல் கொண்டு ஏங்குகிறாள். குறவஞ்சி என்னும் நாட்டு வடிவத்தையே எடுத்து, அதில் ஆன்மாவின் தவிப்பை அவர் வைத்தார். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் நம் ஆலயங்களில் ஒலிக்கின்றன. இறைவனோடு நெருக்கம் என்பதற்குத் தமிழில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இங்கேதான் நான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதே சாஸ்திரியார், தஞ்சைச் சபையில் சாதி வேறுபாட்டைக் களைய வேண்டும் என்று புதிதாக வந்த மிஷனரிகள் வற்புறுத்தியபோது, அதனை எதிர்த்து நின்றார். சாதி வழக்கத்திற்கு ஆதரவாக எழுதவும் செய்தார். இது 1820களின் பிற்பகுதியில் நடந்தது. ஒரே ஆலயத்தில் ஒரே பாடலைப் பாடிக்கொண்டே தனித்தனி இடத்தில் அமர்வதும், நற்கருணையில் முன்பின் பார்ப்பதும் அவர்களுக்கு முரணாகப் படவில்லை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து உடனே முற்றாக நீக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். அதனால் தஞ்சையிலும் பிற இடங்களிலும் சபைகள் பிளந்தன. மிஷனரிகளின் அணுகுமுறையிலும் அதிகாரத் தோரணை இருந்தது, மறுக்கவில்லை. கவிஞருக்குச் சொல்வதற்குக் காரணங்கள் இருந்தன. ஆனால், இவ்வளவு இனிமையாகக் கடவுளோடு உறவாடிய ஒரு மனம், பக்கத்தில் அமர்ந்தவனின் விஷயத்தில் மாறாமலே இருக்க முடிந்தது என்பதை நாம் பார்க்காமல் கடந்துவிடக் கூடாது. கீர்த்தனையைப் பாடுவோம், இதையும் நினைவில் வைப்போம்.

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தின் கதை இன்னும் கூர்மையானது. நீலகண்டன் என்னும் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் 1745இல் அவ்வூரில்தான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். புதிய நம்பிக்கை அவரைப் பாடல் எழுத வைக்கவில்லை. தாழ்த்தப்பட்டவர்களோடு கலந்து பழகவும் உண்ணவும் வைத்தது. அதற்கும் சேர்த்தே அவர் துன்புறுத்தப்பட்டார். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. ஆனால், அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலான பின்னர், சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துக் கட்டிய ஆலயம் எழுந்தது! 1910இல்தான் அதன் தடுப்பை அகற்ற முடிந்தது.

இவற்றைப் பழங்கதை என்று கியா பார்மில் இருந்து சொல்லிவிட இயலாது. இங்கே காய்கறித் தோட்டங்களிலும் தேயிலைக் காடுகளிலும் இன்று நம்மோடு வேலை செய்வோரில் நேப்பாளியரும் வங்காளதேசத்தவரும் மிகுதி. அவர்களைப் பற்றி நம் வீடுகளில் எந்தச் சொல்லால் பேசுகிறோம் என்பதை நம் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். சாலையோரம் தேனும் பெத்தாயும் விற்கும் பூர்வகுடி மக்களைப் பற்றிப் பேசும் பேச்சையும் கேட்கிறார்கள். ஒரு நூறு ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டன் பூட்டனை வெள்ளைக்காரத் துரையும் கங்காணியும் எந்த அடைமொழி கூறி அழைத்தார்களோ, ஏறக்குறைய அதே தொனிதான். இரவில் குடும்ப ஜெபம் உருக்கமாக நடக்கிறது; காலையில் அந்தத் தொனி திரும்பி வருகிறது. பெண் பார்க்கும்போது சபை, சான்றிதழ் எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் தாழ்ந்த குரலில் இன்னொன்றையும் கேட்கிறோம். அதையும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கடவுளோடு நெருக்கமாக இருப்பது என்றால் ஒரு நல்ல உணர்ச்சி, அது மற்ற எதையும் தொடாது என்று அவர்கள் கற்றுக்கொள்வது நம்மிடமிருந்துதான்.

ஏ. ஜே. அப்பாசாமி என்பவரைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசுவதில்லை. பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் பக்தி இலக்கியத்தையும் யோவான் நற்செய்தியையும் ஒப்பிட்டு ஆய்வு செய்து, பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயராக விளங்கியவர். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இல் அவர் எழுதிய நூல் இன்றும் பேசப்படுகிறது. மாணிக்கவாசகரிடமும் ஆழ்வார்களிடமும் அவர் பெரும் மதிப்புக் கொண்டவர். இறைவனோடு ஒன்றுதல் என்பதற்கு அவர் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். கடலில் கரையும் உப்பைப் போல் நாம் மறைந்துபோவதை அவர் ஒன்றுதல் என்று கொள்ளவில்லை. இருவர் அன்பினால் ஒரே எண்ணமும் ஒரே விருப்பமும் உடையவர்களாக ஆவதையே அப்படிச் சொன்னார். விருப்பம் ஒன்றாகிவிட்டதா என்பதைக் கண்ணீரை அளந்து அறிய முடியாது. நடத்தையைப் பார்த்துத்தான் அறிய முடியும்.

அவர் சாய்ந்து நின்றது யோவான் நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில். இயேசு தம்மைத் திராட்சைச் செடியாகவும் சீடர்களைக் கொடிகளாகவும் தந்தையைத் தோட்டக்காரராகவும் உவமிக்கும் பகுதி அது. திராட்சைத் தோட்டத்தைக் கண்ணால் பார்த்திராத நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கும்போது படம் காட்டத் தேவையில்லை. கியா பார்மிலிருந்து சுங்கை பாலாஸ் பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம் சென்றால் போதும். 1929இல் தொடங்கிய போ நிறுவனத்தின் தேயிலைச் சரிவுகள் அங்கே கிடக்கின்றன. தேயிலையை அதன் போக்கில் விட்டால் அது மரமாகிவிடும். கொழுந்து கைக்கு எட்டாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவதால்தான் அது இடுப்பளவுப் புதராக நின்று கொழுந்து தருகிறது. கவாத்து வெட்டிய மலையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பச்சை முழுவதும் போய், வெறும் குச்சிகள் நிற்கும். புதிதாகப் பார்ப்பவர் செடி செத்துவிட்டது என்பார். தோட்டத்தில் பிறந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். வேர் உயிரோடு இருப்பது அவருக்குத் தெரியும். மீண்டும் கொழுந்து கிள்ளும் அளவுக்கு வளர மாதங்கள் பிடிக்கும் என்பதும் தெரியும்.

நம்மில் தாத்தா பாட்டி காலத்தில் கவாத்துக் கத்தி பிடிக்காத குடும்பம் குறைவு. ஆகவே அந்த அதிகாரம் எந்த இறையியல் கல்லூரிக்காரரை விடவும் நமக்கே எளிதில் விளங்க வேண்டும். கொடி செடியோடு ஒட்டியிருப்பது நெருக்கம், வெட்டுப்படுவது மாற்றம். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள அந்த உவமையில் இடமில்லை. எழுப்புதல் கூட்டங்களில் ஒரே இரவில் அழுது புரண்டு எல்லாம் மாறிவிட்டதாகச் சொல்வோரை நான் பழிக்கவில்லை; சிலருக்கு அப்படியும் நேரலாம். ஆனால், பிள்ளைகளை அந்த அழுகைக்குத் தயார் செய்வதையே ஆன்மிகப் பயிற்சியாக எண்ணுவதை நான் ஏற்கமாட்டேன். அழுகை வராத பிள்ளை தனக்கு ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறது. சில பிள்ளைகள் நடிக்கவும் கற்றுக்கொள்கின்றன.

சரி, வீட்டில் என்னதான் செய்யலாம்? நம் வாழ்க்கை முறையை வைத்தே பார்க்க வேண்டும். கியா பார்ம் சந்தையில் கடை வைத்திருப்போர்க்கும் கடையில் வேலை செய்வோர்க்கும் வாரக்கடைசியும் பள்ளி விடுமுறையும்தான் பிழைப்பு. ஸ்திராபெரியும் சோளமும் வாங்கச் சமவெளியிலிருந்து வாகனங்கள் வரிசையாக ஏறி வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையை மூடிவிட்டு ஆலயத்திற்கு வா என்று சொல்வது எளிது. அந்த வருமானத்தில்தான் அந்த மாதத்து வாடகை இருக்கிறது. ஆகவே ஞாயிறு ஒன்றையே நம்பியிருக்கும் பக்தி இவ்வூரில் நிலைக்காது. அன்றாடம் வீட்டில் நடப்பதே நிலைக்கும்.

மாலையில் மூடுபனி இறங்கி, குளிருக்கு எல்லாரும் அடுப்படிப் பக்கம் ஒதுங்கும் நேரம் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. பத்து நிமிடம் போதும். நற்செய்தியிலிருந்து ஒரு சிறு பகுதியைப் பிள்ளையே தமிழில் உரக்க வாசிக்கட்டும். (வாசிப்புத் திறன் வளரும் என்னும் ஆசிரியரின் தன்னலம் இதில் கலந்திருப்பதை மறைக்கவில்லை.) பிறகு அன்று நடந்த ஒன்றைப் பெற்றோர் முதலில் கடவுளிடம் சொல்லட்டும். "ஆண்டவரே, இன்று சந்தையில் ஒருவரிடம் கடுமையாகப் பேசிவிட்டேன், நாளை அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கத் துணை செய்யும்" என்று ஒரு தகப்பன் பிள்ளைகள் காதுபடச் சொல்வாரானால், அது நூறு வேதபாட வகுப்புக்குச் சமம். மறுநாள் அவர் உண்மையிலேயே கேட்டுவிட்டு வந்து சொல்ல வேண்டும். பிள்ளை அடுத்த வாரம் தன் முறைக்குத் தானாகவே பேசும். பேசாவிட்டால் அமைதியாக இருக்கட்டும்; திருத்த வேண்டாம். ஜெபத்தில் இலக்கணப் பிழை பார்ப்பதை மட்டுமாவது நம் ஆசிரியப் பெற்றோர் விட்டுவிட வேண்டும்!

இன்னொன்று, வேண்டுகோள் பட்டியலைக் குறைத்தல். 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளையின் ஜெபத்தில் அத்தேர்வைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. தேர்வு போய்விட்டது, அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போது எஸ்.பி.எம்., போட்டி விளையாட்டு, கைப்பேசி என்று வேறு பெயர்களில் தொடர்கிறது. வாரத்தில் ஒருநாள் எதையும் கேட்காமல் ஜெபிக்கலாம் என்று ஒரு தாயிடம் சொன்னேன். "அப்படியென்றால் என்ன பேசுவது, டீச்சர்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. தன் மகள் தன்னிடம் பணம் கேட்க மட்டும் வாய் திறந்தால் தனக்கு எப்படி இருக்கும் என்பதை அவரே சொல்லி, அவரே சிரித்துவிட்டார்.

சபைப் போதகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஞாயிறு காலை வர இயலாத சந்தைக் குடும்பங்களைக் குறை சொல்லிப் பிரசங்கம் செய்வதை விட, கடைகள் ஓய்ந்திருக்கும் வாரநாள் இரவு ஒன்றில் கியா பார்மிலேயே ஒரு வீட்டில் கூடிவருவதற்கு ஏற்பாடு செய்யுங்கள். பிரசங்கம் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். மறுநாள் காலையில் பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது. அக்கூட்டத்துக்கு அதே சாலையில் தங்கியிருக்கும் நேப்பாளத் தொழிலாளரையும் ஒரு கோப்பைத் தேநீருக்காவது அழைக்க வேண்டும். அவர்களிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். பாய் விரிக்கும்போது அவர்களுக்கு வாசல் பக்கம் என்று தனியாக விரிக்காமல் இருக்கிறோமா என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.